பாதி டேங்க்

என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது என் வண்டிதான். காடு மேடு ஏறுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் அது. பக்கத்தில் நின்றால் சீட் என் இடுப்புக்கு மேலே இருக்கும். ஏறி உட்கார்ந்தால் இடது காலின் கட்டை விரலும் அடுத்த விரலும் மட்டும் தரையைத் தொடும். வலது கால் அந்தரத்தில் ஆடும். இந்த லட்சணத்தில்தான் ஐந்து வருடமாக ஜவ்வாது மலையில் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். மலையில் எல்லாருக்கும் நர்சம்மா. ஜமுனாமரத்தூரில் வாடகை வீடு. சந்தைக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் கரெண்ட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். என் பொறுப்பில் இருக்கும் ஊர்களில் பாதிக்குத்தான் தார் ரோடு. மீதி ஊர்களுக்கு ஜீப் போகும், அதுவும் ஜீப்காரருக்கு மனசு வந்தால். முதலில் ஸ்கூட்டர் வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலத்தில் அது உயிரை விட்டுவிட்டது. அப்போதுதான் பெங்களூர்க்காரர் ஒருவர் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் விற்ற இந்த வண்டியை என் வீட்டுக்காரர் பிடித்து வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வண்டிய ஓட்டுவியா, வண்டி உன்ன ஓட்டுமா?" என்றார்.

"ரெண்டுல எது ஓட்டுனா இன்னாங்க, ஊருக்குப் போய்ச் சேந்தா செரி" என்றேன். அப்படித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

வண்டி தங்கமான வண்டி. ஒரே குறை டேங்க்தான். ஏழு லிட்டர் பிடிக்கும். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தால் அது எந்த மூலைக்கு? எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் முள்ளும் கிடையாது. மலையில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்வேன். மூடியைத் திறந்து, வண்டியை இடுப்பால் ஆட்டி, காதை வைத்துக் கேட்பேன். சலசலவென்றால் இருக்கிறது, களுக் களுக்கென்றால் தீரப்போகிறது. இந்த வைத்தியத்தில் நான் கெட்டிக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை அந்த நம்பிக்கை போயிற்று. புதன்கிழமை தடுப்பூசி போடும் நாள். பெட்ரோல் பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று பலகை மாட்டியிருந்தார்கள். வண்டியை ஆட்டிப் பார்த்தேன். சலசலவென்றுதான் கேட்டது, சத்தியமாக. ஐஸ் கட்டிகள் அடுக்கிய ஊசிப் பெட்டியைப் பின்சீட்டில் ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கடைசி ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இருமியது, நின்றது. வண்டியை ஒரு பலா மரத்தடியில் விட்டுவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பதினொரு தாய்மார்கள், மடியில் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"நர்சம்மா வராம இருக்காதுன்னு சொல்லிகினு இருந்தோம்" என்றாள் ஒருத்தி. அவள் முதல் பிள்ளைக்கும் நான்தான் ஊசி போட்டேன். பெட்டியைத் திறந்து வேலையைப் பார்த்தேன்.

சாமை மூட்டை ஏற்றி வந்த ஜீப்பில் இடம் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் போனுக்கு சிக்னல் இருக்காது. என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு ரோட்டு முனையில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. திட்டுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் கொடுத்தார். ரசம் ஊற்றியதை மறந்துவிட்டு மறுபடியும் ஊற்றினார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். இடமாறுதல் விண்ணப்பம். என் பெயர், பதவி, எத்தனை வருட சர்வீஸ் எல்லாவற்றையும் அவரே நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்.

"கலசப்பாக்கத்தாண்ட ஒரு எடம் காலியா கீதாம். நம்ம வூடும் அங்கதான கீது. கையெழுத்து மட்டும் போடு" என்றார்.

மலைக்குக் கீழே அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். வயல், வீடு, மனிதர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. தப்பாகப் பேசுகிற ஆளிடம் சண்டை போடுவது சுலபம். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு பேரை விட்டு நான் எங்கே போவது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பெட்ரோல் தீந்ததுக்கு யாராவது ஊர மாத்துவாங்களா? டேங்க மாத்துங்க!"

குத்தலாகத்தான் சொன்னேன். அந்த மனிதருக்குக் குத்தல் ஏறாது. தாளை எடுத்து டிவி பெட்டிக்கு அடியில் சொருகினார்.

"செரி. டேங்க மாத்தறேன். ஆனா அப்பறமும் ஒரு வாட்டி வழியில நின்ன, இதுல கையெழுத்துப் போட்டுடணும். இன்னா?"

"செரி" என்றேன். மாட்டிக்கொண்டேன்.

பத்து நாள் அவர் போனில் யார் யாரிடமோ பேசினார். வட நாட்டிலிருந்து பார்சல் வந்தது. பிரித்தால் பால் வெள்ளையில் பிளாஸ்டிக் டேங்க், பதினேழு லிட்டர் பிடிக்கும். வண்டிக் கம்பெனி செய்தது இல்லை, நெடுந்தூரம் போகிறவர்களுக்காக வேறு யாரோ செய்து விற்பது. கழுதை மேல் போட்ட பொதி மாதிரி இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் விரல் நிழலாகத் தெரியும்.

மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்துவிட்டார். பழைய டேங்க்கைக் கழற்றி அதிலிருந்த பெட்ரோல் குழாயைப் புதியதற்கு மாற்றினார். திருகாணி ஓட்டை ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கடையிலிருந்து தகடு கொண்டுவந்து வெட்டி, துளை போட்டு, நடுவில் சைக்கிள் டியூப்பை மடித்து வைத்து இறுக்கினார். ஹேண்டிலைத் திருப்பினால் ஹாரன் டேங்க்கில் இடித்தது. ஹாரனைக் கீழே இறக்கினார். குழாய் ஓரத்தில் பெட்ரோல் சொட்டியது. என் குளியல் சோப்பை எடுத்து வந்து தேய்த்து அடைத்தார். அதற்கு மட்டும் நான் ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் புது வாஷர் போட்டதும் சொட்டு நின்றது, சோப்பு திரும்பி வரவில்லை.

ஸ்டீல் டேப்பை வைத்துக்கொண்டு அவர் அளந்துகொண்டே இருந்தார். டேங்க்குக்கும் சீட்டுக்கும், டேங்க்குக்கும் என்ஜினுக்கும், இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும். நெற்றி வியர்வை டேங்க்கில் சொட்டினால் துடைத்துவிட்டு மறுபடி அளப்பார். நான் வாசற்படியில் மொச்சை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. மொச்சைக் குழம்பு நன்றாக வைத்தேன்.

மாட்டி முடித்தபின் ஒரு பாடம் நடத்தினார். "குழா லெப்ட் பக்கம்தான் கீது. அடியில போச்சின்னா ரைட் பக்கத்துப் பெட்ரோலு அங்கியே நின்னுடும், இந்தாண்ட வராது. வண்டிய லெப்ட்ல நல்லா சாய்ச்சிட்டுத் தூக்கு. அந்தாண்ட இருக்கறது இந்தாண்ட ஊத்திக்கும். ஆனா உனுக்கு அந்த வேலையே வராது. வாரத்துக்கு ஒரு வாட்டி புல் பண்ணிக்கினே இரு."

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு வண்டியை அது பிறந்த நிறத்தோடு விட்டுவைக்கிறவர்கள் யார்? "ஆஸ்பத்திரி கேனு மாதிரி கீது" என்று சிவப்புப் பெயிண்ட் அடித்தார். நம்பர் பிளேட் எழுதுகிறவரிடம் கொண்டுபோய் இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்தில் 'குலதெய்வம் துணை' என்று எழுதி வாங்கினார். சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, என்னையே ஏற்றி நசுக்கச் சொன்னார். அந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி வேறு வண்டியாகிவிட்டது.

பதினேழு லிட்டர் பெட்ரோலும் ரொம்பி, உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒரு பக்கம் திரும்பினால் உள்ளே தண்ணியாக அதுவும் ஓடி வந்து மோதியது. டேங்க் அகலமானதால் முட்டி விரிந்துபோய், தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு விரலில் ஒன்றும் போயிற்று. அடுத்த புதன்கிழமை ஒரு சரிவில் நிறுத்தப் போனேன். சாய்ந்தது. பிடித்துப் பார்த்தேன். மெதுவாக, மரியாதையாக, என்னையும் கூட்டிக்கொண்டு படுத்துக்கொண்டது. ஊசிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கையில் சிராய்ப்பு. கேழ்வரகுக் கொல்லையிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள்.

"இன்னா நர்சம்மா, வண்டிக்குத் தூக்கம் வந்துட்சா?" என்றார் அவர்.

சிரித்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். டேங்க் கனக்கிறது என்று சொன்னால் அவர் கழற்றிவிடுவார். கழற்றினால் பழைய ஏழு லிட்டர். ஏழு லிட்டர் என்றால் டிவி பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தாள் வெளியே வரும். தாள் வந்தால் மலை போயிற்று. இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. யாராவது கடைக்கு வந்தால் போதும், மனிதர் வேலையை விட்டுவிட்டு டேங்க் கதையை ஆரம்பித்துவிடுவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. பங்க்கில் போய் பாதி மட்டும் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து புல் என்றேன்.

பொய் சுலபமாக இருந்தது, வேலைதான் கூடிப்போயிற்று. பாதியாக இருந்தால் வண்டி என் சொல்லைக் கேட்டது. ஆனால் சீக்கிரம் அடியில் போனது. அடியில் போனால் இடது பக்கம் சாய்த்துத் தூக்க வேண்டும். சாய்ப்பது நான், தூக்குவது யார்? ஆள் நடமாட்டமாகப் பார்த்துச் சாய்த்தேன். அதோடு ஒவ்வொரு ஊரிலும் ஒரு கல்லைக் கண்டுபிடித்து வைத்தேன். கோயில் முன்னால் ஒன்று, பள்ளிக்கூடச் சுவர் ஓரம் ஒன்று, பலா மரத்து வேர் ஒன்று. கல் மேல் கால் ஊன்றினால்தான் வண்டியை நிறுத்துவேன். கல் இல்லாத ஊரில் இறங்கும்போது நான் கேட்காமலேயே யாராவது வந்து பின்னால் பிடித்துக்கொள்வார்கள். மலை முழுக்க என் கள்ளத்தனம் தெரியும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது.

மூன்று மாதம் ஓடியது. சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நின்றதும், "எங்கியாவது நின்னுச்சா?" என்பார். "நிக்கலீங்க" என்பேன். நின்றது என்னவோ உண்மை. சாய்த்தால் மறுபடி கிளம்பிவிடுகிறதே, அதை நின்ற கணக்கில் சேர்ப்பதா என்று என்னையே கேட்டுக்கொண்டு நானே சேர்க்க வேண்டாம் என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது பெயிண்ட். 'குலதெய்வம்' முதலில் உப்பியது. அப்புறம் 'துணை'யும் உப்பியது. அம்மை போட்ட மாதிரி டேங்க் முழுக்கக் கொப்புளம். பெயிண்ட் கடைக்காரரிடம் போய் சண்டை போட்டார். அவர்தான் சொன்னாராம், இந்த மாதிரி பிளாஸ்டிக்கில் பெட்ரோல் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வரும், மேலே எதை அடித்தாலும் தள்ளிவிடும், அதனால்தான் செய்தவன் வெள்ளையாகவே விட்டிருக்கிறான் என்று. வீட்டுக்கு வந்து முணுமுணுத்துக்கொண்டே பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் உள்ளே சாமை களைந்துகொண்டிருந்தேன்.

பிளேடு சத்தம் நின்றது.

வெளியே வந்தேன். டேங்க்கின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. காலை வெயில் அதன் வழியாக வந்தது. உள்ளே பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. பாதிக்கும் கீழே.

"நேத்து சாய்ந்தரம் புல் பண்ணன்னு சொன்ன" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"சொன்னேன்."

"ஓட்ட வுழுந்துட்சான்னு அடியில தடவிப் பாத்தேன். இல்ல."

அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சரிவில் படுத்தது, பாதி போட்டது, சாய்த்தது, கல், கொல்லைக்காரர், எல்லாம். அவர் பிளேடைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"எத்தினி வாட்டி வுழுந்த?"

"அஞ்சி. சாய்ச்சது கணக்குல இல்ல."

"அடி பட்டுச்சா?"

முழங்கையைக் காட்டினேன். சமையலில் சுட்டது என்று அவருக்குச் சொல்லியிருந்த தழும்பு. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். டிவி பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பேனாவும் சேர்த்துக் கொண்டுவருவார், நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள், மறுத்துப் பேச வாய் கிடையாது, போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். புளியமரத்தடிக்கு யார் போவார்கள் என்றும் நினைத்தேன். கண் ரொம்பிவிட்டது.

அவர் வெளியே வந்தபோது கையில் ஸ்டீல் டேப் இருந்தது. மடித்த தாளும் இருந்தது. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வண்டி மேல ஏறு" என்றார்.

ஏறினேன். கால் விரல் தரையைத் துழாவியதைக் குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, என் குதிகாலிலிருந்து தரை வரைக்கும் டேப்பை வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும். ஒரு அளவை இரண்டு தடவை எடுத்தார்.

"அளவெல்லாம் வண்டிக்குத்தான் எடுத்தேன்" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே. "உனுக்கு எடுக்கவே இல்ல."

நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? வண்டி மேல் உட்கார்ந்தபடியே அழுதேன்.

சீட்டைக் கழற்றி, உறையை உரித்து, உள்ளே இருந்த பஞ்சை ரம்பத்தால் மூன்று விரற்கடை அறுத்தார். உறையை மறுபடி இழுத்துக் கட்டினார். பின் சக்கரத்து ஸ்பிரிங்கையும் கொஞ்சம் தளர்த்தினார். திரும்ப ஏறச் சொன்னார். முதல் தடவையாக அந்த வண்டி மேலிருந்து என் இரண்டு பாதத்தின் முன்பக்கமும் தரையில் பதிந்தது. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"எறங்காத. அப்டியே இரு" என்றார். டேங்க்கில் இருந்ததைக் குழாய் வழியாகக் கேனில் பிடித்தார். வலது பக்கத்தில் நின்றதை அவரே சாய்த்துக் கொடுத்து வடித்தார். பங்க்கில் ஸ்டாக் தீர்ந்த நாளுக்கென்று வாங்கி வைத்திருந்த இன்னொரு கேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெட்ரோல் ஊற்றுகிற புனல் கடையில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி டேங்க் வாயில் வைத்தார். ஒரு லிட்டர் சொம்பால் மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சொம்புக்கும் வண்டியைத் தானே லேசாக ஆட்டிவிட்டு என் காலைப் பார்ப்பார்.

"தாங்குதா?"

"தாங்குது."

ஆறு. ஏழு. எட்டு. சுருட்டிய தாளில் எழுத்து தெரிந்தது. அவர் நிறுத்தி நிதானமாக எழுதிய என் பெயர். பெட்ரோல் பட்டு மை ஊறி, பதவியோடு சேர்ந்து கரைந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்குதா?"

பத்தாவது சொம்பு. வண்டி என் காலை மீறிச் சாயப் பார்த்தது. இன்னும் இரண்டு சொம்புக்குத் தாங்குது என்று சொல்லியிருப்பேன், மூன்று மாதமாகப் பொய் சொன்ன வாய்தான் இது.

"போதும்" என்றேன்.

சட்டைப் பையில் இருந்த, காயிலுக்கு நம்பர் போடுகிற கறுப்பு மார்க்கரை எடுத்து, பெட்ரோல் நின்ற இடத்தில் அந்த வெள்ளை டேங்க்கில் ஒரு கோடு போட்டார். கோணல் கோடு.

"இதுக்கு மேல ஊத்தாத" என்றார். ஈரத் தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "பொதன்கெழம எந்த ஊருக்குப் போற?"

சொன்னேன்.

"அங்க கல்லு கீதா?"

"பலா மரத்து வேரு கீதுங்க" என்றேன்.